கருங்கல்லில் நின்ற பெயர்கள்
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



காஞ்சியை ஆண்ட பல்லவரின் துறைமுகம் மாமல்லபுரம். நாம் அங்குச் சென்றால் கடற்காற்று வாங்கித் திரும்பிவிடுகிறோம். கற்களைப் படிப்பதில்லை.

அங்குள்ள பாறைகளில் வரிசையாகச் சிறு குழிகள் தென்படும். உளியால் குழி வெட்டி, ஆப்பிறக்கிக் கல்லைப் பிளந்த தடங்கள் அவை. ஐந்து ரதங்களை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். ஆதலால் தருமராச ரதத்தின் அடிப்பகுதி இன்றும் முற்றுப்பெறாது நிற்கிறது. கடற்கரைக் கோயிலோ, இராசசிம்மன் காலத்தில் வெட்டுக்கற்களை அடுக்கி எழுப்பியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், சாளுவன்குப்பத்தில் மணலுள் புதைந்திருந்த முருகன் கோயிலும் வெளிப்பட்டது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது.

அரசர் பெயரை நூல்கள் சொல்கின்றன. உழைத்தோர் பெயரை எது சொல்லும்? அருகிலுள்ள பூஞ்சேரிப் பாறையைப் பாருங்கள். கேவாதப் பெருந்தச்சன், கொல்லன் சேமகன் முதலிய பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். அதனைக் காய்ச்சித் தீட்டிக் கொடுக்கக் கொல்லன் இன்றிச் சிற்பி இல்லை. அவர்கள் எக்குலத்தார் என்பது நமக்கு வினாவன்று. உழைத்தவன் பெயரும் எழுத்தில் ஏறியதால் நின்றது என்பதே நமக்குப் பாடம்.

நம் முன்னோர் வெட்டிய ஏரிகளிலும் எழுப்பிய கரைகளிலும் அவர்கள் பெயர் இல்லை. எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த எழுத்தை நம் கைக்குக் கொணரவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டது.

இளைஞர்களே! கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியோரிடம் கேட்டு, உழைத்தோர் பெயர்களை ஏட்டில் எழுதுங்கள்.