கவ்வாத்தும் கணினியும்

தேயிலைச் செடியை அதன் போக்கிலே வளரவிட்டால் அது மரமாகிவிடும். கொழுந்து குறையும்; எட்டிப் பறிக்கவும் இயலாது. ஆகவேதான், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் நல்லதண்ணியைச் சூழ்ந்துள்ள மலைகளில் ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுகின்றனர். வெட்டிய மலை சில மாதங்களுக்குக் கொழுந்து தராது. அந்த நட்டத்துக்கு அஞ்சிக் கவ்வாத்தைத் தள்ளிப்போடும் தோட்டம் நாளடைவில் காடாகும். அதே வேளையில், தோட்டத்து மலைகள் அனைத்தையும் ஒரே மாதத்தில் வெட்டிச் சாய்க்கும் துரையும் எங்கும் இல்லை. அவ்வாறு செய்தால் தொழிற்சாலைக்கு இலை இராது. பிரட்டுக்கு வந்தோருக்கு வேலையும் இராது. இவ்வாண்டு இந்த மலை, அடுத்த ஆண்டு அந்த மலை என்று முறை வைத்தே வெட்டுவார்கள்.

இந்த முறை கணினிகளுக்கும் பொருந்தும் என்றால் நேயர்கள் சற்று வியக்கக்கூடும். கணினியை இயக்கும் மென்பொருள் மனிதர் எழுதியது. ஆதலால் குறை உடையது. அக்குறைகள் பல, விற்பனைக்குப் பின்னரே வெளிப்படுகின்றன. வெளிப்பட்டதும் அதனை ஆக்கிய நிறுவனம் திருத்தம் ஒன்றை அனுப்புகிறது. வீட்டிலுள்ள கைத்தொலைபேசி இரவோடிரவாக அதனைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆனால், கொழும்பில் தலைமைக் காரியாலயமும் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை மலைகளில் தோட்டக் காரியாலயங்களும் கொண்ட ஒரு கம்பனியை எண்ணிப் பாருங்கள். அங்கே நூற்றுக்கணக்கான கணினிகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. வேலை நாள், கொழுந்தின் நிறை, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த தொகை ஆகிய யாவும் அவற்றில் ஏறிவிட்டால், ஒரு தொழிலாளியின் வாழ்நாள் உழைப்புக்குச் சாட்சி அந்தப் பெட்டிகளே அல்லவா? அவற்றுக்குத் திருத்தம் அனுப்புவது எப்படி, எப்பொழுது என்பது சிறு வினா அன்று.

திருத்தாமல் விட்டால் நேர்வது யாது என்பதை இலங்கை அரசே 2023ஆம் ஆண்டில் கண்டது. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் ‘லங்கா அரசாங்க மேகம்’ என்னும் பொதுக் கட்டமைப்பில் இருந்தன. அதனை இயக்கியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருள். அதற்குரிய திருத்தங்களை அனுப்புவதை அதன் ஆக்க நிறுவனம் 2023 ஏப்ரல் 11இல் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்தும், பணமின்மையும் தாமதமும் தடுத்தன. ஓகஸ்ட் மாத இறுதியில் கப்பம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று உட்புகுந்து கோப்புகளைப் பூட்டியது. பிணைப்பிலேயே வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்து பூட்டுண்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பார் கேட்கலாம்.

கவ்வாத்துக்காரர் சில வேளைகளில் செடியின் ஓரத்தில் ஓரிரு கிளைகளை வெட்டாது விடுவதுண்டு. அக்கிளைகளின் இலைகளாற்றான் வேர் சோராமல் உயிர் தரித்திருக்கும். பிணைப்புக்கு வெளியே, கம்பி தொடாத இடத்தில் வைக்கப்படும் பிரதி அத்தகைய கிளையாகும். திருத்தம் ஏற்றுமுன் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்றும் ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும்.

இங்ஙனமாயின், திருத்தம் வந்த கணமே எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடுவதன்றோ நன்று? அன்று. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கணினிகளுக்குக் காவல் மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், இலங்கை நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறு திருத்தக் கோப்பை உலகெங்கும் ஒருங்கே அனுப்பியது. கோப்பிலே பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அதனை மீளப் பெற்றனர். அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. விமானங்கள் பறக்கவில்லை, வைத்தியசாலைகளில் பணிகள் தடைப்பட்டன. அனுப்பியது ஒரு நொடி வேலை. ஆனால் பழுதுபட்டவற்றுட் பலவற்றை ஆள் ஒருவர் நேரிற் சென்று கையாலேயே சீர்செய்ய வேண்டியிருந்தது. நல்லதண்ணிக்கு அப்பால் மலைமேலுள்ள ஒரு டிவிசன் காரியாலயத்துக்கு மழை நாளில் அந்த ஆள் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்பதை அவ்வழியே பயணஞ் செய்தோர் அறிவர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அந்நிறுவனமும் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது.

படிமுறை என்பது இதுதான். திருத்தம் முதலில், பழுதுபட்டாலும் தாங்கக்கூடிய ஐந்தாறு கணினிகளுக்கு மட்டும் செல்லும். அவற்றுள் சம்பளக் கணக்கு மென்பொருள் ஓடுவது ஒன்றேனும் இருக்க வேண்டும். இன்றேல் சோதனையாற் பயனில்லை. ஓரிரு நாள் பார்த்து, பழுதின்றேல் ஒரு தோட்டம், பின்னர் ஒரு வட்டாரம், இறுதியிலே அனைத்தும். சம்பள நாளுக்கு முந்திய தினங்களில் எதனையும் தொடலாகாது. ஆயினும் சோதனை என்ற பெயரால் மாதங்களைக் கழிப்பதும் ஆபத்து. 2017 மே 12இல் பரவிய வன்னாகிரை என்னும் நச்சு நிரலைத் தடுக்கும் திருத்தம் மார்ச் 14இலேயே வெளியாகியிருந்தது. இரண்டு மாதம் கிடைத்தும் ஏற்றாதவர்களுள் இங்கிலாந்தின் பொது வைத்தியசாலைகள் பல அடங்கின.

மலைநாட்டுக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. இணைப்பு மெதுவானது. ஒரு காரியாலயத்திலுள்ள பத்துக் கணினிகளும் தனித்தனியே கொழும்பிலிருந்து திருத்தத்தை இழுத்தால், அன்று மற்றைய வேலை நடவாது. லயத்துக்கு ஒரு பீலி போல, காரியாலயத்துக்கு ஒரு கணினி இரவிலே அதனைப் பெற்று வைத்துக்கொண்டு, ஏனையவற்றுக்கு அங்கிருந்தே பகிர்ந்தளிக்க வழியுண்டு. செலவும் அதிகமில்லை. பீலியின் ஊற்றுத் தூயதாயிருத்தல் வேண்டும் என்பதனால், வந்த கோப்பு உரிய நிறுவனத்தின் இலக்கமுறை ஒப்பம் உடையதா என்று கணினியே சரிபார்க்கும்.

எல்லாம் முடிந்ததும் பிரட்டுக்களத்திலே பேர் வாசிப்பது போல் கணக்கெடுக்க வேண்டும். நூறு கணினிகளுள் தொண்ணூற்றெட்டு ஏற்றுக்கொண்டன என்று அறிக்கை வரும், கேட்பவர் மகிழ்ந்துவிடுவார். எஞ்சிய இரண்டும் எங்கே என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அவற்றுள் ஒன்று பழுதாகி மூலையில் கிடக்கலாம். மற்றது, துணி போர்த்தி வைத்து, மாதக் கடைசியில் மட்டும் இயக்கப்படுவதாக இருக்கலாம். அது திருத்தம் பெறும்வரை அதன் கம்பியைப் பிணைப்பிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.