கணினி நினைவகத்தின் வேகம்

கல்முனைக்கு வடக்கே அமைந்துள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊராகும். தறியில் அமர்ந்த நெசவாளி எத்துணைக் கைத்திறன் வாய்ந்தவராயினும், நூல் வேண்டிய வேளையில் கைக்கு எட்டாவிடில் தறி நின்றுவிடும். நூல் மூட்டைகள் பண்டகசாலையில் அடுக்கிக் கிடப்பது ஒன்று. நெய்வதற்குரிய நூல் சுற்றப்பட்டுப் பக்கத்தில் இருப்பது மற்றொன்று. கணினியின் உள்ளமைப்பும் இவ்வாறானதே. கணக்கைச் செய்யும் செயலியே நெசவாளி. கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் வட்டே பண்டகசாலை. கடைகளில் றாம் எனப்படும் நினைவகம், கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்பட்ட நூலாகும். மின்சாரம் அற்றதும் நினைவகம் தான் தாங்கியிருந்த யாவற்றையும் மறந்துவிடும். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றாலே என்று சொல்லப்பட்ட மின்தடையில் நாடே இருண்டபோது, சேமிக்காத வேலையை இழந்தவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர்.

சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில், ஆயத்தமாய் விற்கப்படும் கணினியை வாங்காது, உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து பொருத்திக்கொள்ளும் இளைஞர் பலர் உளர். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பொறியியலும் தொழினுட்பமும் பயிலுவோர் அவர்களுட் சிலர்; படத்தொகுப்பையும் வரைகலையையும் தொழிலாகக் கொண்டோர் வேறு சிலர். செலவிடப்படுவதோ பெரும்பாலும் வளைகுடா நாடொன்றில் வாப்பாவோ நானாவோ உழைத்தனுப்பிய பணம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர், இரண்டு மாதத்துள் 360 ரூபாவைக் கடந்தது. போதாக்குறைக்கு, 2025 ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் விழுங்கத் தொடங்கவே, உலகெங்கும் றாமின் விலை ஏறிற்று. இந்நிலையில், பெட்டியின்மேற் பெரிதாய் அச்சிட்ட ஓர் எண்ணுக்காகப் பணத்தைக் கொட்டுவது தகுமா என்பது ஒரு குடும்பத்தின் வரவுசெலவைத் தொடும் வினாவாகும்.

அவ்வெண் குறிப்பது யாது? 3200 என்றால், அந்த நினைவகம் ஒரு வினாடியில் 3200 மில்லியன் தடவை தரவை மாற்றிக் கொடுக்கவல்லது என்பது பொருள். கடைக்காரர் இதனை மெகாஹேட்ஸ் என்பர். அது வழக்கேயன்றிச் சரியன்று. ஒவ்வொரு தடவையும் 8 பைட் செல்வதால், ஒரு வழியில் வினாடிக்கு 25.6 கிகாபைட் செல்லும். 6000 என்ற எண்ணுடைய அட்டையில் அது 48 கிகாபைட் ஆகும். முன்னையது டி.டி.ஆர். 4 என்னும் தலைமுறையையும், பின்னையது, 2020 ஆம் ஆண்டில் நியமம் வெளியிடப்பட்ட டி.டி.ஆர். 5 என்னும் தலைமுறையையும் சேர்ந்தவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது, வெட்டுவாயே வேறு. தாய்ப்பலகை எதற்குரியதோ அதனையே வாங்குதல் வேண்டும்.

எண் பெரிதானால் நூல் விரைந்து வரும் என்பது மெய். ஆயின், கேட்டவுடன் முதல் நூல் கைக்கு வர எடுக்கும் தாமதம் என்று ஒன்று உண்டு. பெட்டியில் சி.எல். என்று குறிப்பிடப்படுவது அதற்குரிய எண். பென்சிலும் தாளும் இருந்தால் எவரும் கணக்கிடலாம்: சி.எல். எண்ணை 2000 ஆற் பெருக்கி, வேகத்தால் வகுத்தால், தாமதம் நானோ வினாடியிற் கிடைக்கும். சி.எல். 16 உடைய 3200 அட்டைக்கு அது 10. சி.எல். 40 உடைய 4800 அட்டைக்கோ 16.7. புதுத் தலைமுறை, பெரிய எண், ஆயினும் முதல் நூல் பிந்தியே வருகிறது! சி.எல். 30 உடைய 6000 அட்டை மீண்டும் 10 ஆகிவிடும். ஆதலால் இரண்டு எண்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். முதலாவதை மட்டும் உரத்துச் சொல்லும் விளம்பரம் பாதியையே சொல்லுகிறது.

ஆனால், வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முன்னே அளவு வருகிறது. 8 கிகாபைட் போதாமல் திணறும் கணினிக்கு எத்துணை வேகமும் உதவாது. நூல் இல்லாத இடத்தில் நூலை விரைந்து நீட்டுவது எங்ஙனம்? அடுத்தது சோடி. 16 கிகாபைட் வேண்டுமெனின், ஒரே அட்டையாக அன்றி, 8 கிகாபைட் அட்டைகள் இரண்டாக வாங்கினால், செயலி இரு வழிகளாலும் தரவைப் பெறும். வினாடிக்குச் செல்லக்கூடிய அளவு இரட்டிக்கும். 3200 இலிருந்து 3600 க்குத் தாவுவதால் இதற்கு ஈடான பயன் கிட்டாது. நான்கு வாய்களுள்ள தாய்ப்பலகைகள் பெரும்பாலானவற்றில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் வாய்களே சோடிக்கு உரியன. அதே வேளை, நான்கையும் நிரப்பினால் வேகம் குறையக்கூடும். ஏ.எம்.டி. நிறுவனம் 2022 இல் வெளியிட்ட றைசன் 7000 வரிசைச் செயலிகள், இரண்டு அட்டைகளோடு 5200 வரை இயங்கும் என்றும், நான்கோடு 3600 என்றும் அந்நிறுவனமே அறிவித்துள்ளது.

தனியான வரைகலை அட்டை வாங்க வசதியின்றி, செயலியுள் அமைந்த வரைகலையையே நம்பியிருப்போருக்கு வேகம் உண்மையிலேயே பயன்தரும். படமும் கணக்கும் ஒரே நினைவகத்திலிருந்தே நூல் எடுப்பதே காரணம். கடிதம் எழுதுவோர்க்கும் பாடசாலைப் புள்ளிப்பட்டியல் தயாரிப்போர்க்கும் வேறுபாடு புலப்படாது.

அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. 7200 என்றும் 8000 என்றும் விற்கப்படும் அட்டைகள் எல்லாச் செயலிகளோடும் தாய்ப்பலகைகளோடும் நிலையாக ஓடுவதில்லை. கொழும்பில் இருப்பவர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு மறுநாளே சென்று மாற்றிக்கொள்ளலாம். கல்முனைவாசிக்கோ அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இரவுப் பேருந்து, ஒரு நாட் கூலி, பின்னர் காத்திருப்பு. தாய்ப்பலகையை ஆக்கியோர் தம் இணையத்தளத்தில், சோதித்துப் பார்த்த நினைவகங்களின் பட்டியலை வெளியிடுகின்றனர். பணம் கொடுப்பதற்கு முன் அதனைப் பார்ப்பது கால் மணி நேர வேலை. தற்காலத்தில், டி.டி.ஆர். 4 பலகைக்கு 3200 அல்லது 3600 உம், றைசன் பொருத்திய டி.டி.ஆர். 5 பலகைக்கு 6000 உம் நடுத்தரமான, நம்பத்தகுந்த தெரிவுகளாம்.

பலர் அறியாத செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பெட்டியில் 3600 என்றிருந்தாலும், புதிதாய்ப் பொருத்திய கணினி அந்த அட்டையைப் பெரும்பாலும் 2133 இலோ 2666 இலோதான் ஓட்டும். அச்சிட்ட வேகம் கிடைப்பதற்கு, கணினி எழும்போது டிலீட் விசையை அழுத்திப் பயோஸ் பகுதியுட் புகுந்து, எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்குதல் வேண்டும். இதனைச் செய்யாமையால், கொடுத்த பணத்தின் ஒரு பங்கு ஆண்டுக்கணக்காய் வீணே கிடக்கும் கணினிகள் பல. கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் கடையிலிருக்கும்போதே, விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து, நினைவகம் என்னும் பகுதியிற் காட்டப்படும் வேகத்தைப் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பின்னரே மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.