தடிப்பு மறைந்தால் போதுமா?

(தில்லி மந்திர் மார்க்கில் நடந்த குடும்பக் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைய பேச்சு முக்கியமாக, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத்தான்.

குழந்தையின் உடம்பில் திடீரென்று சிவப்பாக ஏதோ தெரிகிறது. உடனே அகத்தில் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். பாட்டி "அக்கி" என்பார். அத்தை "கரப்பான்" என்பார். எதிர்வீட்டு மாமி "அம்மையாக இருக்குமோ?" என்று கிளப்பி விடுவார். மாம்பலத்துக்கும் நியூ ஜெர்சிக்கும் செல்போனில் படம் பறக்கும். அங்கிருந்து இன்னும் இரண்டு பெயர்கள் வரும். ஆனால் படத்தில் தடிப்புதான் தெரியும். ஜுரம் எத்தனை நாளாக இருக்கிறது, குழந்தை பால் குடிக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. பெயரைத் தேடுவதைவிட அவற்றைக் கவனிப்பதே முக்கியம் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் தைரியம் சொல்கிறேன். கைக்குழந்தைகளுக்கு வரும் தடிப்புகளில் பெரும்பாலானவை தானாகவே போய்விடும். பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் கொசு கடித்த மாதிரி சிவந்த திட்டுகள் பல குழந்தைகளுக்கு வரும். மருந்தே வேண்டாம், அநேகமாகப் புண்யாகவாசனத்துக்குள் மறைந்துவிடும். தில்லி வெயிலில் வேர்க்குரு சகஜம். தில்லிக் குளிரிலும் அது வரும்! காரணம், நாம் அடுக்கடுக்காகப் போர்த்திவிடும் கம்பளித் துணிகள். ஒன்றிரண்டைக் கழற்றினாலே பாதி சரியாகிவிடும்.

கண்டதையும் தடவாதீர்கள். கடுகெண்ணெய் மாலிஷ் சில குழந்தைகளின் தோலை உறுத்தும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "சர்வரோக நிவாரணி" களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைக் கடுமையாக்கியது. குழந்தையின் மெல்லிய தோலை அவை மேலும் மெலியச் செய்யும். தடிப்பின் உருவத்தையும் மாற்றிவிடுவதால், பிறகு பார்க்கும் டாக்டருக்கும் குழப்பம்தான்.

அப்படியானால் எப்போது ஓட வேண்டும்? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரம் வந்தால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். எந்த வயதானாலும், பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கும் ராத்திரி, பகல் பார்க்கக் கூடாது.

இனி, மிகவும் ஏமாற்றக்கூடிய ஒரு தடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டு டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். விடாத ஜுரம், சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. பார்த்தவர் டாக்டர் டோமிசாகு கவாசாகி. எந்தப் புத்தகத்திலும் பொருந்தும் பெயர் இல்லை. பையன் தேறினான். "வியாதி இன்னதென்று தெரியவில்லை" என்றே எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்தது. அவர் விடாமல் குறித்துக்கொண்டே வந்தார். 1967-ல் ஐம்பது குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் அதைக் கவாசாகி நோய் என்கிறார்கள். அவர் 2020-ல் காலமானார்.

இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. தடிப்பும் ஜுரமும் தாமாகவே அடங்கிவிடும். நாமும் "பகவான் காப்பாற்றினார்" என்று நிம்மதி அடைவோம். ஆனால் அந்தச் சமயத்தில்தான் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வீங்கத் தொடங்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிறது. ஜுரம் கண்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் இந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைகிறது. ஆகவே, நாள்கணக்குதான் இங்கே உயிர்க்கணக்கு.

இதில் ஒரு சிக்கல். அறிகுறிகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. திங்கட்கிழமை தடிப்பு, புதன்கிழமை அது போய்க் கண் சிவப்பு, வெள்ளிக்கிழமை கை, கால் வீக்கம். வெள்ளியன்று பார்க்கும் டாக்டர் திங்கட்கிழமைத் தடிப்பை எப்படி அறிவார்? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சில அறிகுறிகள் வராமலேயே போகும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஜுரம் தொடங்கிய தேதி, தினமும் எவ்வளவு டிகிரி, தடிப்பு எங்கே வந்தது, எப்போது போனது, கண், உதடு, நாக்கு, கை, கால், கழுத்தில் கட்டி என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பிறந்தவுடன் இடது கையில் பி.சி.ஜி. ஊசி போட்டார்களே, அந்தத் தழும்பையும் பாருங்கள். அது புதிதாகச் சிவந்து வீங்கியிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கைக்குழந்தைகளில் கவாசாகி நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது.

ஐந்து நாள் வரை வீட்டிலேயே காத்திருக்கச் சொல்லவில்லை. ஜுரமும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தட்டம்மையாகவும் இருக்கலாம், அதற்கான முதல் ஊசியே ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் போடப்படுகிறது. டாக்டர் மருந்து கொடுத்தும் ஐந்தாம் நாள் ஜுரம் நிற்கவில்லை என்றால், "கவாசாகியாக இருக்குமா? இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே போவது என்று வெளியூர் உறுப்பினர்கள் கேட்கலாம். இங்கே மந்திர் மார்க்குக்கு அருகிலேயே 1956 முதல் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மும்பை பரேலில் வாடியா மருத்துவமனை இருக்கின்றன. சண்டிகர் பி.ஜி.ஐ. இந்த நோயில் பல ஆண்டு அனுபவம் பெற்றது. உங்கள் ஊரில் குழந்தைகளுக்கு எக்கோ எடுக்கும் இடம் எது என்று இப்போதே விசாரித்து, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் வைப்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள். தேதி குறிப்பதில் உங்களை மிஞ்ச யாராலும் முடியாது. அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.