முதல் 30 மில்லி

ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் சுரப்பிப் புரதத்தின் அளவு 4-க்கு மேல் போனால், புற்றுநோயோ என்று வீடே கலங்கிவிடுகிறது. வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்கும். அப்போதும் அந்த அளவு ஏறும், கிருமித்தொற்றிலும் ஏறும். சந்தேகம் தீர ஊசியால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் சதைத் துணுக்கு எடுப்பார்கள்; இதுதான் பயாப்சி. பலருக்கு அதில் ஒன்றுமே இருக்காது!

இந்த வீண் குத்தல்களைக் குறைக்க வந்ததுதான் சிறுநீர்ப் பரிசோதனை. டாக்டர் கையுறை அணிந்த விரலை ஆசனவாய் வழியாக விட்டு, சுரப்பியை இரு பக்கமும் மும்மூன்று முறை அழுத்தி வருடுவார். கூச்சமான காரியம்தான். அப்படிச் செய்தால் சுரப்பியின் செல்கள் சிறுநீர்ப் பாதையில் உதிரும். உடனே வரும் சிறுநீரில் முதல் 20, 30 மில்லியைப் பிடிக்க வேண்டும். வழக்கமாகக் கேட்கும் நடுச்சிறுநீர் இங்கே உதவாது.

அதில் தேடுவது பி.சி.ஏ.3 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வை. புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் இது பல மடங்கு பெருகியிருக்கும் என்று 1999-இல் அறிவித்தார்கள். சுரப்பி வீங்கியதால் மட்டும் இது ஏறாது. ஏற்கெனவே பயாப்சி செய்து புற்றுநோய் தென்படாதவர்களுக்கு மறுபடி பயாப்சி தேவையா என்று முடிவுசெய்ய, 2012-இல் அமெரிக்க அரசு இந்தச் சோதனையை அனுமதித்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு 2005-இல் இன்னொரு துப்பைக் கண்டுபிடித்தது: புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் விபரீதம். அதையும் சிறுநீரில் பார்க்கலாம்.

புற்றுநோய்தான் என்று உறுதிசெய்வது மட்டும் இன்றும் பயாப்சிதான்.