ரெண்டும் ஓப்பன் சோர்ஸ்தான், ஆனா ஒண்ணா சேராது!

"ஓப்பன் சோர்ஸ்தானே, எந்த லைப்ரரியை வேணா எதோட வேணா லிங்க் பண்ணிக்கலாம்"னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். அது அப்படி இல்லங்கிறதுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் கதையே போதும்.

ஜிபிஎல் என்ன சொல்லுது? என் கோடை சேர்த்து ஒரு புரோகிராமை அடுத்தவருக்குக் கொடுத்தா, முழுசையும் ஜிபிஎல்லேயே கொடுக்கணும். கூடுதலா எந்த நிபந்தனையும் போடக் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லோட பழைய உரிமத்தில் ஒரு சின்ன நிபந்தனை இருந்துச்சு: அதோட வசதிகளைச் சொல்லி விளம்பரம் செஞ்சா, அதை உருவாக்கியவங்களுக்கு நன்றி சொல்லணும். நியாயமாத்தான் தெரியுது, இல்லையா? ஆனா ஜிபிஎல் கணக்குல அது "கூடுதல் நிபந்தனை". ஒண்ணை மதிச்சா இன்னொண்ணை மீறணும்.

"டைனமிக் லிங்க் பண்ணா தப்பிச்சிடலாமே?"ன்னு கேப்பீங்க. ஜிபிஎல்லை எழுதின ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், ரெண்டு விதமா லிங்க் பண்ணாலும் ஒண்ணுதான்னு சொல்லுது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோட வர்ற லைப்ரரிக்கு ஜிபிஎல்லில் ஒரு விலக்கு உண்டு. ஆனா டெபியன் மாதிரி புரோகிராமையும் லைப்ரரியையும் சேர்த்தே கொடுக்கிறவங்களுக்கு அது கை கொடுக்கல.

அப்போ என்ன வழி? சிலர் எல்ஜிபிஎல்லில் இருந்த க்னூடிஎல்எஸ்ஸுக்கு மாறினாங்க. வேற சிலர், விகெட் மாதிரி, "ஓப்பன்எஸ்எஸ்எல்லோட லிங்க் பண்ணிக்கலாம்"னு உரிமத்தில் ஒரு வரி சேர்த்தாங்க. அந்த ஒரு வரியைச் சேர்க்க, கோடுக்குக் காப்புரிமை வச்சிருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேட்ச் அனுப்பிட்டுக் காணாமப் போனவரை எங்க போய்த் தேடுவீங்க?

கடைசியில ஓப்பன்எஸ்எஸ்எல்லே மாறுச்சு. 2017-இல் பங்களித்தவங்களுக்கு மெயில் அனுப்பி சம்மதம் கேட்டாங்க. 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்துச்சு.

பிரச்சினை முடிஞ்சுதா? பாதிதான். அப்பாச்சி 2.0-இல் காப்புரிமையோட சேர்த்து பேட்டன்ட் பத்தியும் சில நிபந்தனைகள் இருக்கு. அது ஜிபிஎல் 3-ஓட ஒத்துப்போகும், 2-ஓட ஒத்துப்போகாதுன்னு அதே ஃபவுண்டேஷன் சொல்லுது. உங்க புரோகிராம் "ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது"ன்னு இருந்தா, 3-ஐ எடுத்துக்கிட்டுப் போயிடலாம். "2 மட்டும்"னு இருந்தா மாட்டிக்கிட்டீங்க. "அல்லது அதற்குப் பிந்தையது"ங்கிற மூணு வார்த்தைதான் வித்தியாசம்!

அதனால புதுசா ஒரு லைப்ரரியை இழுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இதோட உரிமம் எது, எந்தப் பதிப்பு? இது உள்ளுக்குள்ள இழுக்கிற மத்த லைப்ரரிகளோட உரிமம் என்ன? இந்தப் புரோகிராமை வெளியில யாருக்காவது கொடுக்கப் போறோமா? உங்க கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற வரைக்கும் ஜிபிஎல் உங்களைத் தடுக்காது. அடுத்தவர் கைக்குப் போகும்போதுதான் கணக்கு ஆரம்பிக்குது. கோடு எழுதுற அன்னைக்கே கேட்டா அஞ்சு நிமிஷ வேலை. ரிலீஸுக்கு முந்தின நாள் கேட்டா, பாதி கோடை மாத்தி எழுத வேண்டியிருக்கும்.