சங்கிலி விளையாட்டு
(மன்றத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயனுள்ள ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நானோ ஒரு விளையாட்டைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதனாற் பயன் உண்டோ இல்லையோ, அதில் நடுவராக இருந்து நான் அளித்த தீர்ப்பொன்று இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

சென்ற சரஸ்வதி பூசையன்று இரவு, அவலும் கடலையும் உண்டு முடித்தபின் இளைஞர்கள் இம்மண்டபத்தில் அமர்ந்து இவ்விளையாட்டை ஆடினார்கள். பெரியார் பலருடைய பெயர்களைச் சீட்டுகளில் எழுதி ஒரு குடத்தில் இட்டிருந்தனர். ஒருவர் இரண்டு சீட்டுகளை எடுக்கவேண்டும். அவ்விரு பெயர்களையும், இடையில் ஐவருக்கு மேற்படாமல், ஒருவரையொருவர் நேரிற் கண்டு பழகியவர்களைக் கொண்டு இணைக்கவேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் பெயரும் சந்தர்ப்பமும் சொல்லவேண்டும். 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்பிறைற் கல்லூரி மாணவர் மூவர் கெவின் பேக்கன் என்னும் நடிகரை நடுவாக வைத்துத் தொடக்கிய விளையாட்டின் வழி இது. அங்கே ஒரே படத்தில் நடித்தவர்கள் ஒரு கண்ணி ஆவர். கணித அறிஞர்களிடையேயும் இதுபோன்ற ஒரு வழக்கம் அதற்கு முன்னரே இருந்தது. ஹங்கேரி நாட்டுப் போல் ஏர்டிஷ் என்பவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவருக்கு எண் 1. அவரோடு சேர்ந்து எழுதியவருக்கு எண் 2. இப்படியே அது நீளும். நம் இளைஞர்கள் சினிமாவை நீக்கிவிட்டுச் சரித்திரத்தை வைத்துக்கொண்டார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே.

அன்று முதலில் வந்த சீட்டுகள் இரண்டும் மண்டபத்தையே திகைக்க வைத்தன. ஒன்று நல்லூர் ஆறுமுக நாவலர். மற்றது அல்பேட் ஐன்ஸ்ரைன். நாவலர் பெருமான் 1879ஆம் ஆண்டு டிசெம்பரிற் சிவபதம் அடைந்தவர். ஐன்ஸ்ரைன் அதே ஆண்டு மார்ச்சில் ஜேர்மனியிற் பிறந்தவர். ஒன்பது மாதங்கள்தாம் இருவரும் ஒரே உலகில் வாழ்ந்தனர். ஆயினும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நிதானமாகச் சங்கிலியைக் கோத்தான்.

நாவலரை அறிந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பிள்ளையவர்கள் அச்சேற்றியபோது அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். பிள்ளையவர்கள் பிற்காலத்திற் கும்பகோணத்தில் வாழ்ந்தார்கள். அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். இங்கே பையன் சற்று நின்று, அவர்கள் உறவைப்பற்றியும் சொன்னான். ஐயர் சீவக சிந்தாமணிக்கு ஏடு தேடித் தொகுத்துக்கொண்டிருந்த காலம் அது. தாமே பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள், அவற்றைத் தம்மிடம் தந்துவிடும்படி கேட்டார்கள். ஐயர் இசையவில்லை. 1887இற் சிந்தாமணியைத் தாமே வெளியிட்டார். அதே ஆண்டிற் பிள்ளையவர்களின் கலித்தொகைப் பதிப்பும் வந்தது. வெறும் கைகுலுக்கலாக அல்லாமல், ஆசையும் மறுப்பும் மதிப்பும் கலந்த உறவாக ஒரு கண்ணி அமைந்தால் அது எத்தனை அழகு! ஐயரைச் சென்னையிற் கண்டவர் இரவீந்திரநாத தாகூர். தாகூர் 1930ஆம் ஆண்டு யூலையில் பேர்லினுக்கு அண்மையிலுள்ள கபூத் என்னும் ஊரில் ஐன்ஸ்ரைனின் இல்லத்திற்குச் சென்று, உண்மையின் இயல்புபற்றி உரையாடினார். முடிந்தது. இடையில் மூவரே! சபையோரின் கைதட்டல் அடங்கச் சில நிமிடங்கள் ஆயின.

அதன்பின் வழக்குகள் பல எழுந்தன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மொறிஸ் என்பவரோடு நேரே இணைத்தார் ஒருவர். மொறிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்திலேதான் ஆனந்த குமாரசுவாமி தம் மத்தியகாலச் சிங்களக் கலை நூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். செய்தி உண்மைதான். ஆனால் மொறிஸ் 1896இலேயே காலமாகிவிட்டார். இயந்திரம் கைமாறியது, கைகள் சந்திக்கவில்லை. தள்ளினோம். காந்தியடிகளும் ரால்ஸ்ரோயும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. 1909, 1910ஆம் ஆண்டுகளிற் கடிதம் எழுதிக்கொண்டனர். இருபக்கமும் சென்ற கடிதமாகையால் ஏற்கலாம் என்று பெரியோர் தீர்ப்புக் கூறினர். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

மூத்த அங்கத்தவர் ஒருவர், தம் தந்தையார் 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்திற்கு வந்த காந்தியடிகளைக் கண்டவரென்றும், காந்தியடிகள் 1931இல் இலண்டனிற் சார்ளி சப்ளினைச் சந்தித்தாரென்றும், ஆகவே தமக்கும் சப்ளினுக்கும் இடையில் இருவரே உள்ளனரென்றும் பெருமிதத்தோடு சொன்னார். "ஐயா, உங்கள் அப்பா காந்தியைக் கண்டார், காந்தி உங்கள் அப்பாவைக் கண்டாரோ?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள். பெரியவர் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். நல்லவேளையாகத் திரும்பி வந்தார். இதோ முன் வரிசையிற் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இனி என் தீர்ப்புக்கு வருகிறேன். கடைசி ஆட்டத்தில், எடுத்த பெயரைத் தம்மோடு தாமே இணைக்கவேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. அதே பெண்பிள்ளைக்கு ஐன்ஸ்ரைன் சீட்டு மீண்டும் வந்தது. அவள் சொன்னாள்: "ஐன்ஸ்ரைன் யப்பானுக்குப் போகும் வழியில் 1922 ஒக்ரோபரிற் கொழும்பில் இறங்கினார். றிக்ஷாவில் ஏறினார். என் பூட்டனார் அந்நாளிற் கொழும்பில் றிக்ஷா இழுத்தவர். ஐன்ஸ்ரைன் ஏறியது அவருடைய வண்டி என்று நான் சொல்லவில்லை. இழுத்தவரை அவர் அறிந்திருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன்."

சபையிற் சிலர் சிரித்தார்கள். நான், "இழுத்தவருடைய பெயர் என்ன?" என்று கேட்டேன். "தெரியாது" என்றாள். "பெயரில்லாத கண்ணி செல்லாது" என்று தீர்ப்பளித்தேன். அவள் மறுவார்த்தை பேசாமல் அமர்ந்தாள்.

விதிப்படி என் தீர்ப்புச் சரியே. இன்று கேட்டாலும் புள்ளி வழங்கமாட்டேன். "அறிந்திருக்கக்கூடும்" என்பதை ஏற்றால் நாளை ஒவ்வொருவரும் தம் முன்னோரைச் சக்கரவர்த்திகளோடு கட்டிவிடுவர். ஆனால் வீட்டுக்குப் போனபின் நித்திரை வரவில்லை. ஐன்ஸ்ரைனின் பயணக் குறிப்பைத் தேடிப் படித்தேன். நம் நாட்டவரைப்பற்றி அதில் அவர் எழுதிய சில வரிகள் படிப்பதற்கு இனிமையானவை அல்ல. அத்தகைய குறிப்பிலும், ஒரு மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறிச் செல்வதற்குத் தாம் மிகவும் வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். அந்த வெட்கத்தை அவருக்கு உண்டாக்கியவருடைய பெயர் அங்கே இல்லை. வேறெங்கும் நான் காணவில்லை.

பின்னர் இவ்விளையாட்டின் மூலத்தைத் தேடினேன். 1929இல் பிரிஜெஷ் கரிந்தி என்னும் ஹங்கேரிய எழுத்தாளர் 'சங்கிலிகள்' என்ற சிறு கதையில் இதனை வருணித்திருக்கிறார். அன்றைய உலக மக்கள் 150 கோடிப் பேரில் எவரையும் ஐந்து பேருக்குள் எட்டலாம் என்பது கதையில் வரும் பந்தயம். முதலில் நோபல் பரிசு பெற்ற செல்மா லாகர்லோவ் அம்மையாரை எட்டுகிறார்கள். பரிசளித்தவர் சுவீடன் மன்னர். மன்னரோ ரெனிஸ் பிரியர். அவரோடு ஆடியவர் ஹங்கேரிய வீரர் கேர்லிங். கேர்லிங் கதைசொல்பவருக்கு அறிமுகமானவர். இது இலகு என்கிறார் கரிந்தி. புகழுடையோர் ஒருவரையொருவர் அறிவது இயல்பு. ஆகவே அடுத்துத் தாமே ஒரு கடினமான கேள்வியை எடுக்கிறார்: போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் ஆணியறையும் ஒரு தொழிலாளி. அவனை மேற்பார்வையாளன் அறிவான். மேற்பார்வையாளனைப் போர்ட் அறிவார். போர்ட்டிலிருந்து பத்திரிகை அதிபர் ஒருவர், அவரிலிருந்து கதைசொல்பவரின் நண்பர் என்று சங்கிலி வந்து சேர்கிறது. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே அதன் உரைகல்லாக வைத்தது பெயரற்ற ஒரு கூலித் தொழிலாளியை! நாங்கள் குடத்திலிட்ட சீட்டுகளில் அப்படி ஒருவர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஸ்ரான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதனை மெய்யாகவே சோதித்தார். 1969இல் வெளியான அறிக்கையின்படி, நெபிரஸ்காவிலும் பொஸ்ரனிலும் உள்ள 296 பேரிடம் ஒவ்வொரு கடிதக்கட்டைக் கொடுத்து, பொஸ்ரன் நகரிலே தொழில்புரிந்த பங்குத் தரகர் ஒருவருக்கு, நேரில் அறிந்தவர் கைவழியாகவே அதைச் சேர்க்கும்படி கேட்டனர். சேர்ந்தவற்றுக்கு இடையில் நின்றவர்கள் சராசரி ஐவருக்குச் சற்று மேல். உலகம் சிறியது என்று மேடைதோறும் சொல்வது இதை வைத்துத்தான். சேர்ந்தவை எத்தனை என்று சொல்வார் குறைவு. 64 மட்டுமே! மற்ற 232 வழியில் நின்றுவிட்டன. சேர்ந்த 64இலும் 16, தரகர் வசித்த ஊரிலிருந்த ஒரேயொரு துணி வியாபாரியின் கைவழியே வந்தவை. அந்த வியாபாரி புகழ்பெற்றவர் அல்லர். பலரை அறிந்தவர், கைக்கு வந்ததைக் கிடப்பிற் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தவர்.

இளைஞர்களே, நம் வீடுகளில் இருக்கும் மூத்தோர் எத்தனையோ பேரை அறிந்தவர்கள். துறைமுகத்திலும் தோட்டத்திலும் புகையிரத நிலையத்திலும் அச்சுக்கூடத்திலும் வேலை செய்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதினோமா? அந்தப் பெண்பிள்ளையின் பாட்டியார் தொண்ணூறு வயதைக் கடந்தவர். தம் தந்தையோடு வண்டி இழுத்த நால்வரின் பெயர்களை அவர் இன்னும் சொல்கிறார் என்பதைச் சென்ற மாதந்தான் அறிந்தேன். அன்று நான் கேட்டிருக்கவேண்டியது அந்த நால்வரைத்தான்.

ஆகவே நிருவாக சபையின் சம்மதத்தோடு இரண்டு காரியங்கள் செய்திருக்கிறோம். வரும் சரஸ்வதி பூசையில் குடத்துக்கு இரண்டாவது குடம் ஒன்று சேரும். அதில் உங்கள் குடும்பத்தவர் பெயர்கள் இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு சீட்டு அதிலிருந்தே எடுக்கப்படும். மற்றது, வாசிகசாலை மேசையில் நீலமட்டைக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். யார், யாரை, எங்கே, எந்த ஆண்டில் அறிந்தார் என்று மூத்தோரைக் கேட்டு அதிலே எழுதுங்கள். முதற்பக்கத்தை நான் எழுதிவிட்டேன். 1922, கொழும்பு, றிக்ஷா. கீழே பாட்டியார் சொன்ன நான்கு பெயர்கள். ஐன்ஸ்ரைனை இழுத்தவர் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.