கேலிக் மொழியும் மும்பைத் தமிழரும்

நேயர்களே, மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நமக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். அந்நாட்டின் மலைப்புறத்திலும் தீவுகளிலும் அம்மொழி பேசியவர்கள் பிழைப்பை நாடிக் கிளாஸ்கோ நகரின் கப்பல் துறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையினின்று தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு நம்மவர் வந்ததும் இவ்வாறே அன்றோ?

உறவு வேறு வகையிலும் உண்டு. இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 1814இல் அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் 1862இல் சென்னைக்கு வந்தார். 1877 முதல் 1882 வரை இந்திய அரசின் சட்ட உறுப்பினராக இருந்தார். வீடு வாங்குவோரும் விற்போரும் இன்றும் சார்ந்து நிற்கும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அவர் கைவண்ணம் உண்டு. அலுவல் ஒழிந்த வேளைகளில் அவர் பழைய ஐரிஷ் ஏடுகளை ஆராய்ந்து கல்கத்தாவிலேயே அச்சிட்டார் என்பதைச் சட்டம் படித்தோரிலும் பலர் அறியார்.

கேலிக் மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை வேண்டுமென ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 12,000 பவுன் திரட்டியவர் பிளாக்கி என்னும் கிரேக்கப் பேராசிரியர். 1882இல் எடின்பரோவில் அவ்விருக்கை அமைந்தது. (ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு நம்மவர் 60 லட்சம் டாலர் திரட்டி முடித்தது 2018இல்.) இன்று எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவரும் சேர்ந்து பயிலலாம். நம் வாக்கியத்தின் இறுதியில் வரும் வினைச்சொல் அங்கே முதலில் நிற்கும். அன்னையை 'மாஹிர்' என்பர். 'என் அன்னை' என்கையில் அதுவே 'மோ வாஹிர்' என முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும். புணர்ச்சி விதிகளோடு மல்லாடிய நமக்கு இது அத்துணை அச்சம் தருவதன்று! எடின்பரோவில் 1951இல் தொடங்கிய ஸ்காட்டிய ஆய்வுப் பள்ளி, முதியோரிடம் பதிவு செய்த கதைகளையும் பாடல்களையும் மாணவர்க்கு வழங்குகிறது. ஸ்கை தீவில் 1973இல் தோன்றிய கல்லூரியிலோ பாடம் முழுவதும் கேலிக்கிலேயே நடைபெறுகிறது.

ஆயினும் இருக்கை மட்டும் மொழியைக் காத்து விடவில்லை. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் மொழியைக் குறிப்பிடவே இல்லை. 1891இல் 2,54,415 பேர் பேசிய மொழியை 2001இல் பேசியவர் 58,652 பேரே. மேலே பேராசிரியர் வீற்றிருந்தார். கீழே குழந்தைக்கு வகுப்பில்லை. கிளாஸ்கோவில் 1999இல் கேலிக் வழித் தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. 2006இல் அது உயர்நிலை வரை வளர்ந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேசுவோர் 69,701 பேர். எனினும் மேற்குத் தீவுகளில் அவர்கள் பாதிக்கும் குறைந்து விட்டனர். நகரம் கற்க, கிராமம் மறக்கிறது!

நம் நகரில் நிலை என்ன? தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் 1932இலேயே தோன்றியது. மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் செம்பூரிலும் மாதுங்காவிலும் வசதியோடு வாழும் இல்லங்களில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் பலர். தாராவித் தொழிலாளியின் மகளோ மாநகராட்சிப் பள்ளியில் அதனைப் படிக்கிறாள். இந்நகரில் தமிழ் எழுத்தின் சுமையை ஏழை வீட்டுப் பிள்ளைகளே பெரிதும் தாங்குகின்றனர் என்பது நம் கருத்து. 'தமிழ் படித்து என்ன பயன்?' என்னும் கேள்வி அவ்வீடுகளிலும் எழாமல் இல்லை. ஆங்கிலம் சோறு போடும் என்பதை நாமும் மறுக்கவில்லை. கிளாஸ்கோப் பெற்றோர் இரண்டையும் கேட்டார்கள். அப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலமும் நன்கு கற்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் நம் பள்ளிகள் திறக்கும். தமிழ் வகுப்பில் எத்தனை பெயர்கள் பதிவாகின்றன என்று பார்த்தே அதிகாரிகள் அங்கு ஆசிரியரை வைப்பதா, வகுப்பை மூடுவதா என்று முடிவு செய்வார்கள்.